நெடுந்தொடரின் நடுப்பாகத்தை முதலில் வாசிக்கலாமா?

விண்மீன்வழி:

பல பாகங்களாக நீண்டு செல்லும் விண்வெளி சாகசத் தொடர் ஒன்றின் நடுப்பாகத்தை, அதற்கு முந்தைய எதையும் வாசிக்காமல், அண்மையில் வாசித்து முடித்தேன். பெயரைச் சொன்னால் பேச்சு அந்த ஒரு நாவலின் நிறைகுறைகளுக்குள் போய்விடும் என்பதால் அதைத் தவிர்க்கிறேன். கேள்விப்பட்ட வாசக நண்பர்கள் எல்லோரும் சொல்லிவைத்தாற்போல் ஒரே அறிவுரையைத்தான் வழங்கினார்கள்: முதல் பாகத்திலிருந்து தொடங்கியிருக்க வேண்டும். இந்த அறிவுரை ஆராயாமல் கைமாறி வந்துகொண்டிருக்கிறது என்பது என் கருத்து. காரணங்களை எழுதுகிறேன், மறுப்பவர்கள் மறுக்கலாம்.

விண்வெளி சாகசக் கதை தரும் முதன்மையான இன்பம், அறியாத இடத்தில் கால்வைப்பதுதான். நான் வாசித்த நாவலில் ஒரு காட்சி வருகிறது. புதிதாகப் பொறுப்பேற்ற கேப்டன் கட்டுப்பாட்டு அறைக்குள் நுழைகிறார். கலத்தைச் செலுத்தும் இருக்கையில் இருந்த மூத்த பெண், தன் பணிநேரம் பாதிகூட முடியாத நிலையில், பொறுப்பை இளையவர் ஒருவரிடம் ஒப்படைத்துவிட்டு, கேப்டன் பக்கம் திரும்பாமலேயே வெளியேறுகிறார். அறையில் இருக்கும் எவரும் வாய் திறப்பதில்லை. அடுத்த பத்தியில் கலம் புறப்பட்டுவிடுகிறது. முந்தைய பாகங்களை வாசித்தவருக்கு அந்த வெளியேற்றத்தின் காரணம் தெரிந்திருக்கும். எனக்குத் தெரியாது. தெரியாத காரணத்தாலேயே, அதன்பிறகு அந்தப் பெண் பேசிய ஒவ்வொரு சொல்லையும் நான் கூர்ந்து வாசித்தேன். இந்தக் கூர்மை, முன்கதை அறிந்த வாசகருக்கு வாய்க்குமா என்பது ஐயமே.

இன்னொன்றும் உண்டு. நெடுந்தொடரின் முதல் பாகம் பெரும்பாலும் எழுத்தாளரின் கை இன்னும் பழகாத காலத்தில் எழுதப்பட்டது. அவருடைய சிறந்த பக்கங்களை அடைவதற்கு முன், சுமாரான பக்கங்களைக் கடமையாகக் கடந்து வர வேண்டும் என்று ஏன் வாசகரைக் கட்டாயப்படுத்த வேண்டும்?

பழையஇதழ்:

நண்பரே, நீங்கள் சொல்லும் கூர்மையை நான் மறுக்கவில்லை. ஆனால் புதிர் தரும் கூர்மை வேறு, இழப்பு தரும் வலி வேறு. முதலாவது எந்தத் துப்பறியும் கதையிலும் கிடைத்துவிடும். இரண்டாவதற்குத்தான் நெடுந்தொடர் என்ற வடிவமே தேவைப்படுகிறது.

லோயிஸ் மெக்மாஸ்டர் புஜோல்டின் வோர்கோசிகன் தொடரை எடுத்துக்கொள்ளுங்கள். 1986-இல் தொடங்கிய இத்தொடரின் நாயகன் மைல்ஸ், தாயின் வயிற்றில் இருக்கும்போதே நச்சுவாயுத் தாக்குதலுக்கு ஆளானதால், எளிதில் நொறுங்கும் எலும்புகளுடன் பிறந்தவன். உடற்குறையை இகழும் போர்ச் சமூகத்தில் வளரும் அவன், வேறொரு பெயரில், வேறொரு ஆளாக, கூலிப்படை ஒன்றின் தளபதியாகி விடுகிறான். அந்த இரட்டை வாழ்க்கை பல நாவல்களில் விரிகிறது. 1996-இல் வெளிவந்த ‘மெமரி’ நாவலின் தொடக்கத்தில், தனக்கு வரும் வலிப்பு நோயை மறைப்பதற்காக அவன் தன் மேலதிகாரிக்கு அனுப்பும் அறிக்கையில் பொய் எழுதுகிறான். அது கண்டுபிடிக்கப்பட்டுப் பணியிலிருந்து நீக்கப்படுகிறான். அந்த இரண்டாவது ஆளும் அத்துடன் முடிந்துபோகிறான்.

இந்த நாவலை மட்டும் தனியே வாசிப்பவருக்கும் என்ன நடந்தது என்பது தெளிவாகவே புரியும்; புஜோல்ட் தேவையான செய்திகள் அனைத்தையும் உள்ளேயே வைத்திருக்கிறார். ஆனால் அந்தப் புதிய வாசகர் காண்பது, பொய் சொன்ன ஓர் அதிகாரி வேலையை இழப்பதை மட்டுமே. முந்தைய நாவல்களில் அந்தப் பொய்ப் பெயருடன் நெருங்கிப் பழகியவரோ, தான் நன்கு அறிந்த ஒருவர் இறந்துபோனதைப் போல் உணர்கிறார். எழுதப்பட்ட சொற்கள் இருவருக்கும் ஒன்றே. இவ்வளவு பெரிய வேறுபாட்டை, ‘ஆராயாமல் கைமாறி வரும் அறிவுரை’ என்ற ஒரு சொற்றொடரால் ஒதுக்கிவிட முடியாது.

கை பழகாத முதல் பாகம் என்கிறீர்கள். அதே கை பழகுவதை உடனிருந்து பார்ப்பதும் வாசிப்பின் ஒரு பகுதிதானே?

கரையோரம்:

அறிவுரை கேட்பதற்கு நன்றாக இருக்கிறது. கணக்குப் போட்டுப் பார்த்தால்தான் சிக்கல் தெரிகிறது. ஜெர்மானிய மொழியில் வெளிவரும் பெர்ரி ரோடான் தொடர் 1961 செப்டம்பரில் தொடங்கி, வாரம் ஓர் இதழாக வந்துகொண்டிருக்கிறது. அதன் 3000-ஆவது இதழ் 2019-இல் வெளியானது. முதல் இதழில் தொடங்கி வாரம் ஒன்று வீதம் வாசிக்கும் ஒருவருக்கு அந்த எண்ணை அடைய ஏறத்தாழ 58 ஆண்டுகள் பிடிக்கும். அதற்குள் தொடரும் அதே வேகத்தில் முன்னேறியிருக்கும் என்பதால், தொடங்கிய நாளில் எவ்வளவு பின்தங்கியிருந்தாரோ, 58 ஆண்டுகள் கழித்தும் அதே அளவு பின்தங்கியே இருப்பார். ‘முதலிலிருந்து தொடங்குங்கள்’ என்று இவரிடம் சொல்வது, ‘வாசிக்காதீர்கள்’ என்பதை மரியாதையாகச் சொல்வதுதான்.

இத்தொடரை நடத்துபவர்களுக்கே இது தெரியும். ஆகவேதான் கதையைப் பெரும்பாலும் 50 அல்லது 100 இதழ்கள் கொண்ட சுற்றுகளாகப் பிரிக்கிறார்கள். ஒவ்வொரு சுற்றின் தொடக்கமும் புதியவருக்கான வாசல். பல எழுத்தாளர்கள் மாறி மாறி எழுதுவதால், கதையின் போக்கை முன்கூட்டியே வகுத்து ஒவ்வொருவருக்கும் குறிப்பாக எழுதிக் கொடுப்பதற்கென்றே தனிப் பொறுப்பும் உண்டு. இவ்வளவுக்குப் பிறகும் வாசல்கள் போதவில்லை என்று கருதித்தான், 2011-இல் ‘நியோ’ என்ற பெயரில் முழுக் கதையையும் புதிதாகத் தொடங்கினார்கள். படைத்தவர்களே விட்டுக்கொடுத்த ஒன்றை, வாசகர்களாகிய நாம் ஏன் பிடிவாதமாகக் காத்துக்கொண்டிருக்க வேண்டும்?

பழையஇதழ்:

பெர்ரி ரோடானை நீங்கள் குறிப்பிட்டது நல்லதாயிற்று. அது என் பக்கத்துச் சாட்சியும்கூட. முதல் இதழ் வெளியான ஆண்டை மறுபடியும் பாருங்கள். 1961 ஏப்ரலில் யூரி ககாரின் விண்வெளிக்குச் சென்று திரும்பினார். செப்டம்பரில் இந்தத் தொடர் தொடங்குகிறது. முதல் கதையில் மனிதர்கள் 1971-இல் நிலவில் இறங்குவதாகவும், அங்கே பழுதாகி நிற்கும் வேற்றுலகக் கலத்தைக் காண்பதாகவும் தொடரைப் படைத்த கார்ல்-ஹெர்பர்ட் ஷேரும் வால்டர் எர்ன்ஸ்டிங்கும் வகுத்திருந்தார்கள். உண்மையில் நிலவுப் பயணம் 1969-லேயே நிகழ்ந்துவிட்டது. கற்பனையைக் காட்டிலும் உலகம் இரண்டு ஆண்டுகள் முந்திக்கொண்ட இந்த வியப்பை, 2036-இல் கதையைத் தொடங்கும் ‘நியோ’ வாசகருக்கு எங்கிருந்து தர முடியும்? முதல் பாகம் கதையின் தொடக்கம் மட்டுமன்று. அது எந்தக் காலத்தின் நம்பிக்கையிலிருந்து பிறந்தது என்பதற்கான பதிவும் அதுதான்.

மூவாயிரம் இதழ்களையும் வாசிக்க வேண்டும் என்று நான் எங்கும் சொல்லவில்லை. முதலில் இருந்து தொடங்க வேண்டும் என்றுதான் சொல்கிறேன். எங்கே நிறுத்துவது என்பது அவரவர் விருப்பம்.

கரையோரம்:

அப்படியானால் 1961-இன் ஆவணத்தை வாசிக்க விரும்புகிறவருக்கு உங்கள் அறிவுரை பொருந்தும். விண்கலம் ஒன்று ஆபத்தில் இருக்கிறது, அது தப்புமா என்று அறிய விரும்புகிறவருக்குப் பொருந்தாது. சாகச நாவலைக் கையில் எடுப்பவர்களில் பெரும்பாலோர் இரண்டாம் வகையினர்.

ஈர்ப்புவிசை:

இருவரும் கதைமாந்தரையும் வரலாற்றையும் மட்டுமே பேசிக்கொண்டிருக்கிறீர்கள். விண்வெளிக் கதையில் இன்னொரு முன்கதை இருக்கிறது: அந்த உலகின் இயற்பியல் விதிகள். கலம் எவ்வாறு பயணிக்கிறது, செய்தி போய்ச்சேர எவ்வளவு நேரமாகும், உடல் எவ்வளவு தாங்கும் என்பவற்றை முதல் பாகத்தில் நிறுவிய பிறகு, பின்னால் வரும் பாகங்கள் அவற்றைத் தெரிந்தவையாக எடுத்துக்கொண்டுதான் நகர்கின்றன.

ஜேம்ஸ் எஸ். ஏ. கோரி என்ற புனைபெயரில் இருவர் சேர்ந்து எழுதிய ‘எக்ஸ்பான்ஸ்’ தொடரை நினைத்துப் பாருங்கள். 2011 முதல் 2021 வரை ஒன்பது நாவல்கள். அதில் கலங்கள் பாதி வழிவரை முடுக்கத்தோடு சென்று, நடுவில் தலைகீழாகத் திரும்பி, மீதி வழி முழுவதும் இயந்திரத்தை எதிர்த்திசையில் எரித்து வேகத்தைக் குறைக்கின்றன. இது வெறும் அலங்காரமில்லை. புவியீர்ப்புக்குச் சமமான முடுக்கத்தில் இடைவிடாது சென்றால், சூரியனுக்கும் பூமிக்கும் இடையிலான 15 கோடி கிலோமீட்டரை மூன்று நாள்களுக்குச் சற்றுக் குறைவான நேரத்தில் கடந்துவிடலாம். நடுவழியில் வேகம் நொடிக்கு 1,200 கிலோமீட்டரை எட்டியிருக்கும். அந்த வேகத்தில் செல்லும் கலம் நினைத்த இடத்தில் திரும்ப முடியாது. திரும்ப வேண்டுமானால் முதலில் அந்த வேகம் முழுவதையும் கரைக்க வேண்டும். ‘உதவிக்கு வருகிறோம்’ என்று ஒரு கலம் செய்தி அனுப்பினால், அது வந்துசேர்வதற்குள் எல்லாம் முடிந்துவிடக்கூடும் என்பதும், மிகுந்த முடுக்கத்தைத் தாங்குவதற்காக இருக்கையிலேயே ஊசிவழி மருந்து செலுத்திக்கொள்பவர்கள் உயிரையே பணயம் வைக்கிறார்கள் என்பதும் வாசகரின் உடம்பில் ஊறியிருக்க வேண்டும். முதல் பாகம் அதை ஊறவைக்கிறது. நடுவில் நுழைபவருக்கு அது ‘கலம் வேகமாகச் சென்றது’ என்ற ஒற்றை வரியாகச் சுருங்கிப்போகும்.

விண்மீன்வழி:

ஈர்ப்புவிசை அவர்களே, உங்கள் எடுத்துக்காட்டு வலுவானது, ஆனால் அதிலிருந்து நீங்கள் எடுக்கும் முடிவு வலுவானதன்று. விதியை வாசகர் விளக்கத்தால் கற்பதில்லை, ஆபத்தால்தான் கற்கிறார். கதைமாந்தர் ஒருவர் செவ்வாய்க்கு ஒரு கேள்வி அனுப்பிவிட்டு, பதிலுக்காகக் காத்திருக்கும் நேரத்தில் தானாகவே முடிவெடுக்க நேர்ந்தால், ஒளி அங்கே சென்றடைய மூன்று நிமிடமும் ஆகலாம், இருபத்திரண்டு நிமிடமும் ஆகலாம் என்ற செய்தி, நான் எத்தனையாவது பாகத்தில் இருந்தாலும் மனத்தில் பதிந்துவிடும். முதல் பாகத்தில் ஒருமுறை விளக்கிவிட்டோம், இனி அதைப் பற்றிக் கவலை இல்லை என்று எழுதுபவர், பழைய வாசகரிடத்திலும் அந்த விதியின் உயிரை இழந்துவிடுகிறார். பழகிப்போன விதி எவரையும் அச்சுறுத்துவதில்லை. ஒவ்வொரு பாகத்திலும் அதை மறுபடியும் ஆபத்தாக மாற்றத் தெரிந்தவரே நல்ல எழுத்தாளர். அப்படிப்பட்டவரிடம் புதிய வாசகர் எந்த வாசலிலும் நுழையலாம்.

ஈர்ப்புவிசை:

கொள்கையளவில் சரி. ஆனால் எக்ஸ்பான்ஸின் ஆறாவது நாவலுக்கும் ஏழாவதற்கும் இடையே கதையில் ஏறத்தாழ முப்பது ஆண்டுகள் கடந்துவிடுகின்றன. வெளியிலிருந்து பார்ப்பவருக்கு இதைவிட வசதியான நுழைவாயில் வேண்டுமா என்று தோன்றும். உள்ளே போனால்தான் தெரியும்: அந்த நாவலின் பாரம் முழுவதும் அதே மனிதர்களுக்கு வயதாகிவிட்டது என்பதில்தான் இருக்கிறது. முதலில் அவர்களை இளையவர்களாகப் பார்த்திராத ஒருவருக்கு, நரைத்த தலை வெறும் நரைத்த தலைதான்.

மறைமதி:

இதுவரை எழுதியவர்கள் அனைவரும் தத்தம் கட்சிக்கு ஏற்ற தொடரைத் தேர்ந்தெடுத்துக்கொண்டு வாதிடுகிறார்கள். கட்சிக்கு ஒத்துவராத தொடர் ஒன்றை முன்வைக்கிறேன்.

இயன் எம். பேங்க்ஸின் ‘கல்ச்சர்’ நாவல்கள் 1987-இல் தொடங்கி 2012 வரை வந்தன. ஒவ்வொன்றிலும் மாந்தர் வேறு, காலம் வேறு, களம் வேறு. எல்லாவற்றுக்கும் பொதுவானது ஒரு நாகரிகம் மட்டுமே: பற்றாக்குறை என்பதே இல்லாத, மனிதரைக் காட்டிலும் பலமடங்கு அறிவுள்ள கலங்களே நிர்வாகத்தைப் பார்த்துக்கொள்ளும் சமூகம். இதில் வரிசை தேவையில்லை என்பதில் பழையஇதழ் அவர்களும் உடன்படுவார் என்று நினைக்கிறேன். ஏனெனில் வெளிவந்த வரிசையில் முதலாவதான நாவலின் நாயகன் அந்த நாகரிகத்தை வெறுப்பவன். அதன் எதிரிகளுக்காகப் போரிடுபவன். ஒரு தொடரின் மையத்தில் இருக்கும் சமூகத்தைப் பகைவனின் கண்வழியே முதலில் காண்பது துணிச்சலான உத்திதான். ஆயினும் புதியவர்களுக்குப் பலர் இரண்டாவது நாவலையே பரிந்துரைக்கிறார்கள். அந்தப் பரிந்துரையை நானும் பலருக்குச் செய்திருக்கிறேன்.

இதுவரை விண்மீன்வழி மகிழ்ந்திருப்பார். மறுபக்கத்தையும் சொல்லிவிடுகிறேன். 2010-இல் வெளிவந்த நாவல் முழுமையாகத் தனித்து நிற்பது. முதன்முதலாக வாசிப்பவர் எந்த இடத்திலும் தடுமாற மாட்டார். ஆனால் அதன் கடைசிச் சொல் ஒரு பெயர். இருபது ஆண்டுகளுக்கு முன் வந்த வேறொரு நாவலை வாசித்தவருக்கு மட்டும், இந்தக் கதை முழுவதும் தன்னோடு வந்த ஒருவர் யார் என்பதை அந்த ஒரே சொல் சொல்லிவிடுகிறது. அவர் முதல் பக்கத்துக்குத் திரும்பிப் போகாமல் இருக்க மாட்டார். வாசிக்காதவருக்கு அது பொருளற்ற பெயர். புத்தகத்தை மூடிவைத்துவிட்டு அடுத்த வேலையைப் பார்க்கப் போய்விடுவார். தனக்கு ஏதோ மறைக்கப்பட்டது என்றுகூட அவருக்குத் தோன்றாது.

இதுதான் என்னைத் தொந்தரவு செய்கிறது. நடுவில் நுழைபவர் எதை இழந்தார் என்பதை அவரால் ஒருபோதும் அறிய முடியாது. ஆகவே ‘நான் எதையும் இழக்கவில்லை’ என்று அவர் தரும் சாட்சியத்துக்கு மதிப்பில்லை. விண்மீன்வழி, உங்கள் முதல் பதிவு முழுவதும் அத்தகைய சாட்சியம்தான்.

விண்மீன்வழி:

சாட்சியத்துக்கு மதிப்பில்லை என்றால் அது இருபுறமும் பொருந்த வேண்டும். வரிசையாக வாசித்தவரும், அறியாமல் நுழைந்திருந்தால் தனக்கு என்ன கிடைத்திருக்கும் என்பதை அறிய மாட்டார். அவர் இழந்ததும் அவருக்குத் தெரியாது. ஒரு நாவலை முதன்முறையாக ஒரேயொரு வழியில்தான் வாசிக்க முடியும்.

அந்தக் கடைசிச் சொல் எடுத்துக்காட்டு எனக்குப் பிடித்திருக்கிறது. ஆனால் அதை இப்படிப் பாருங்கள்: பழைய வாசகருக்குப் பரிசு தர வேண்டிய இடத்தைக் கடைசிச் சொல்வரை தள்ளிவைத்து, அதற்கு முந்தைய பக்கங்கள் அனைத்தையும் புதியவருக்குத் தடையில்லாமல் அமைத்திருக்கிறார் எழுத்தாளர். நடுவில் நுழைபவரை அவர் எதிர்பார்த்திருக்கிறார் என்பதற்கு இதைவிடச் சான்று தேவையா?

பழையஇதழ்:

கல்ச்சர் நாவல்களில் வரிசை தேவையில்லை என்பதை ஏற்கிறேன். அவை ஒரே உலகில் நிகழும் தனித்தனி நாவல்கள். என் வாதம் முழுவதும் ஒரு நிகழ்வு அடுத்ததன்மேல் ஏறி நிற்கும் தொடர்களைப் பற்றியது. அத்தகைய தொடர்களில் மிகப் புகழ்பெற்றதைப் பற்றி இன்னும் எவரும் பேசவில்லை.

ஐசக் அசிமோவின் ‘ஃபவுண்டேஷன்’ கதைகள் 1942-இல் இதழில் வரத் தொடங்கி, 1951 முதல் 1953 வரை மூன்று நூல்களாயின. விண்மீன் மண்டலப் பேரரசு வீழப்போவதைக் கணித்த ஹாரி செல்டன் என்ற கணித அறிஞர், தாம் இறந்த பிறகு வரப்போகும் நெருக்கடிகளுக்கென முன்கூட்டியே பேசிப் பதிவுசெய்து வைத்திருக்கிறார். குறித்த நாளில் பெட்டகம் திறக்கும். சக்கர நாற்காலியில் அமர்ந்த முதியவரின் ஒளியுருவம் தோன்றி, அந்த வேளையின் நெருக்கடி இன்னது என்று சொல்லும். சொல்வது அச்சுப் பிசகாமல் பொருந்தும். வாசகரும் அந்த உருவத்தை நம்பப் பழகிவிடுகிறார். பிறகு இரண்டாம் நூலில் மறுபடி ஒருமுறை அந்த உருவம் தோன்றுகிறது, அமைதியாகப் பேசுகிறது, பேசுவதோ முற்றிலும் வேறொரு நெருக்கடியைப் பற்றி. வெளியே நெருங்கிக்கொண்டிருக்கும் பகைவனைப் பற்றி ஒரு சொல்கூட இல்லை. கேட்டுக்கொண்டிருப்பவர்களுக்கு, தங்களைக் காத்துவந்த திட்டம் உடைந்துவிட்டது என்பது அந்தக் கணத்தில் புரிகிறது.

இதுவரை நான் வாசித்த விண்வெளிக் கதைகளில் இதற்கு இணையான அதிர்ச்சி மிகக் குறைவு. அங்கே வெடிப்பு இல்லை, துரத்தல் இல்லை. ஒரு முதியவர் தவறாகப் பேசுகிறார், அவ்வளவுதான். அவர் இதுவரை சரியாகப் பேசியதை நேரில் கேட்டிராத வாசகருக்கு இது எப்படி அதிர்ச்சியாகும்?

கரையோரம்:

முன்னறிவிப்பு இல்லாமல் ஸ்பாய்லர் எழுதியதற்காக உங்கள்மேல் குற்றம் சுமத்தலாம் என்று பார்த்தேன். அந்தக் கதை இதழில் வந்தது 1945-இல். 80 ஆண்டுகள் ஆகிவிட்டதால் விட்டுவிடுகிறேன்.

விண்மீன்வழி:

அந்தக் காட்சி இதழில் வந்த ஆண்டே என் பதிலாக இருக்கிறது. 1942-இல் வந்த முதல் கதையை 1945-இன் வாசகர் கையில் வைத்திருக்க வேண்டிய கட்டாயம் இல்லை. பழைய மாத இதழ்களை எல்லோரும் பாதுகாத்து வைப்பதுமில்லை. ஆகவே அசிமோவ் அந்தப் பெட்டகத்துக்குள் பெருங்கூட்டத்தை உட்காரவைக்கிறார். அவர்கள் அனைவரும் செல்டன் சரியாகவே சொல்வார் என்ற உறுதியோடு காத்திருக்கிறார்கள். அந்த நம்பிக்கையைப் புதிய வாசகர் அவர்களிடமிருந்து பெற்றுக்கொள்கிறார்; அது உடையும்போது அவர்களோடு சேர்ந்தே உடைகிறார். முந்தைய கதைகளை வாசித்தவருக்கு அதிர்ச்சி கூடுதலாக இருக்கும் என்பதை மறுக்கவில்லை. வாசிக்காதவருக்கு அதிர்ச்சியே இராது என்பதைத்தான் மறுக்கிறேன்.

மறைமதி:

ஃபவுண்டேஷன் வந்துவிட்டதால் இன்னொன்றையும் பேசிவிடலாம். ஏறத்தாழ முப்பது ஆண்டு இடைவெளிக்குப் பின் அசிமோவ் 1982-இல் தொடரை மீண்டும் தொடங்கினார். 1988-இல் செல்டனின் இளமைக்காலத்தை முன்கதையாக எழுதினார். இப்போது சிலர், கதை நிகழும் காலவரிசைப்படி அந்த முன்கதையிலிருந்தே தொடங்க வேண்டும் என்கிறார்கள். நான் மிகவும் எதிர்ப்பது இந்த வழியைத்தான். பழைய கதைகளில் செல்டனின் ஆற்றல், அவர் எட்டாத தொலைவில் இருப்பதிலிருந்து பிறக்கிறது: முன்பே இறந்துபோன ஒருவர், கேள்வி கேட்க முடியாத ஒருவர், சில நிமிடம் பேசிவிட்டு மறைகிறார். முன்கதையிலோ அவர் துரத்துபவர்களிடமிருந்து தப்பி ஓடும் இளைஞர். தம் கோட்பாடு பயன்படுமா என்றே அவருக்குத் தெரியாது. முன்கதையை முதலில் வாசித்தால் பெட்டகத்தில் தோன்றுபவர் நமக்குத் தெரிந்த ஆள் ஆகிவிடுகிறார். தெரிந்த ஆளிடம் எவருக்கும் அத்தகைய பணிவு வராது.

ஈர்ப்புவிசை:

இதனுடன் சேர்த்து ஒரு தொழில்நுட்பக் குறிப்பு. 1940-களின் கதைகளில் நாகரிகத்தின் உச்ச அடையாளம் அணுசக்தி. கணினிகளை ஏறக்குறையக் காணவே முடியாது. 1982 நாவலிலோ நாயகன் மேசைமேல் இரு கைகளையும் வைத்தவுடன், கலத்தின் கணினி அவன் எண்ணத்தோடு இணைந்து, கலமே அவன் உடலின் நீட்சியாகிவிடுகிறது. வெளிவந்த வரிசையில் வாசிப்பவர், நாற்பது ஆண்டுகளில் எழுத்தாளரின் உலகம் மாறியிருக்கிறது என்று இயல்பாக எடுத்துக்கொள்வார். கதை நிகழும் வரிசையில் வாசிப்பவரோ முன்கதையிலிருந்து பழைய கதைகளுக்குள் நுழையும்போது, தொழில்நுட்பம் ஏன் திடீரென்று பின்னோக்கிச் சென்றது என்று திகைத்து நிற்பார்.

பழையஇதழ்:

கவனியுங்கள், விண்மீன்வழி: இப்போது மூவர் வரிசையைப் பற்றித்தான் கவலைப்படுகிறோம்.

விண்மீன்வழி:

தவறான வரிசை கெடுக்கும் என்பதிலிருந்து, சரியான வரிசை கட்டாயம் என்பது பின்தொடராது. முன்கதையால் வரும் கேட்டுக்கு நடுப்பாகத்தில் நுழைபவரைப் பொறுப்பாக்காதீர்கள்.

நான் உண்மையில் அஞ்சுவது வேறொன்றை. ‘எல்லோரும் முதலிலிருந்தே வருவார்கள்’ என்று எழுத்தாளர்கள் நம்பத் தொடங்கிவிட்டால், ஒவ்வொரு பாகத்தையும் தனியே நிற்கவைக்கும் உழைப்பை விட்டுவிடுகிறார்கள். அதற்குப் பதிலாக முன்கதைச் சுருக்கத்தைக் கதைமாந்தர் வாயில் திணிக்கிறார்கள். ‘மூன்று ஆண்டுகளுக்கு முன் நாம் இருவரும் அந்தச் சுரங்கக் கோளில் சிறைப்பட்டிருந்தபோது உன் அண்ணன் நம்மைக் காட்டிக்கொடுத்தது உனக்கு நினைவிருக்கும்’ என்று ஒருவர் சொல்கிறார். எதிரே இருப்பவருக்கு நினைவிருக்காமல் எங்கே போகும்? சிறைப்பட்டவரே அவர்தானே! இதை வாசிக்கும் புதியவருக்கும் இன்பமில்லை, பழையவருக்கும் இன்பமில்லை. அந்தக் கட்டுப்பாட்டு அறைக் காட்சியில் மூத்த பெண் எதையும் சொல்லாமல் வெளியேறியதைத்தான் நான் முதலிலேயே குறிப்பிட்டேன். முன்கதை அங்கேயும் இருக்கிறது. யாரும் அதை ஒப்பிக்கவில்லை.

பழையஇதழ்:

முன்கதைச் சுருக்கத்தைப் பற்றி நீங்கள் சொன்னதில் எனக்கு முழு உடன்பாடு. ஆனால் அத்தகைய ஒப்பித்தல்கள் எழுதப்படுவதே உங்களைப் போல் நடுவில் நுழைபவர்களுக்காகத்தான். எல்லோரும் வரிசையாக வந்திருந்தால் அந்த வசனத்துக்குத் தேவையே இருந்திருக்காது. நோய்க்குக் காரணமானவரே மருந்தின் கசப்பைக் குறைசொல்வது பொருத்தமாக இல்லை.

கரையோரம்:

இருவரும் இரண்டு ஆண்டுகளுக்கு ஒரு பாகம் வாங்கும் வாசகரை மறந்துவிடுகிறீர்கள். அவர் வரிசையாகத்தான் வருகிறார். ஆனாலும் முந்தைய பாகத்தில் யார் யாரைக் காட்டிக்கொடுத்தார் என்பது மறந்துபோயிருக்கும். ஒன்பது நாவல்கள் வெளிவரப் பத்தாண்டுகள் பிடித்தால், இறுதிப் பாகத்தை எடுக்கும் பெரும்பாலானோர் பாதி மறந்தவர்களாகவே நுழைகிறார்கள். முன்கதைச் சுருக்கம் அவர்களுக்கும்தான்.

ஈர்ப்புவிசை:

விண்மீன்வழி, ஒரு நேரடிக் கேள்வி. நடுப்பாகத்தை முடித்துவிட்டீர்கள். அடுத்து எதை எடுக்கப் போகிறீர்கள்? முதல் பாகத்தையா, அடுத்த பாகத்தையா?

விண்மீன்வழி:

அடுத்த பாகத்தை. கலத்தில் எரிபொருள் குறைவாக இருக்கும் நிலையில் நாவல் முடிகிறது. அதை அப்படியே விட்டுவிட்டுப் பின்னோக்கிப் போக மனம் வரவில்லை. அந்தப் பெண் ஏன் வெளியேறினார் என்பதை அடுத்த பாகம் சொல்லிவிட்டால் நல்லது. சொல்லாவிட்டால், அப்போது முதல் பாகத்துக்குப் போவேன். ஆனால் அது நானாகத் தேடிச் செல்வதாக இருக்கும், எவரும் சொல்லிச் செல்வதாக இருக்காது.

பழையஇதழ்:

அப்படியே செய்யுங்கள். ஒன்றே ஒன்று: முதல் பாகத்துக்கு வரும்வரை அதன் பின்னட்டைக் குறிப்பையோ, புதிய பதிப்புகளில் முன்பக்கம் சேர்க்கப்படும் அறிமுக உரையையோ வாசிக்காதீர்கள். நெடுந்தொடர்களின் மறுபதிப்புகளில் அவற்றை எழுதுபவர்கள், வாசகர் எல்லாவற்றையும் ஏற்கெனவே அறிந்தவர் என்றே எழுதுகிறார்கள். நீங்கள் இவ்வளவு கவனமாகக் காத்துவரும் அந்தக் காரணம் அங்கே ஒரே வரியில் இருக்கக்கூடும்.